பழசு என்று பெயர் வைத்த ஃபோல்டர்

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக அதற்கு வாய்ப்பு வராது. சுத்தமான மனிதர். குளித்த துண்டைக்கூட ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்துத்தான் கொடியில் போடுவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. அங்கே ஃபைவ் எஸ் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருக்க வேண்டும், ரொம்ப நாளாக யாரும் தொடாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி வெளியே தள்ளிவிட வேண்டும். அந்த வியாதி அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. என் சமையலறை டப்பாக்களில் அவர் சீட்டு ஒட்டினார். நான் அதே சீட்டை அவர் சாப்பாட்டுத் தட்டில் ஒட்டிக் கொடுத்தேன். அதோடு சமையலறைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் போகிப் பண்டிகை என்றால் கேட்கவா வேண்டும்?

நாங்கள் இருப்பது ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டில், ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அன்று விடியும் முன்பே தெருவில் பிள்ளைகள் மேளம் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். புகையில் எதிர்வீடு தெரியவில்லை. நான் ஸ்டூல் மேல் ஏறிப் பரணிலிருந்து உடைந்த வாளி, கைப்பிடி போன வாணலி எல்லாவற்றையும் கீழே தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் உள் அறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார், பழசையெல்லாம் தூக்கிடவா என்று. வாசலில் கிடக்கிற பழைய செருப்புகளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தச் செருப்புகளைப் பற்றி இரண்டு மாதமாக எங்களுக்குள் பேச்சு இருந்தது.

“இதை வேற கேக்கணுமா? தூக்கிப் போடுங்க. அதுக்குத்தானே போகி” என்றேன்.

சொன்னது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனுஷன் செருப்பைச் சொல்கிறாரா லேப்டாப்பைச் சொல்கிறாரா என்று ஸ்டூல் மேல் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்?

லேப்டாப்பில் ‘பழசு’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் இருந்தது பழசு இல்லை. என் நாத்தனாருடைய வருங்காலம் முழுக்க அதற்குள்தான் இருந்தது.

அவள் இவருடைய தங்கை. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வரலாற்றில் எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு, திருவள்ளூரில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தேர்வுக்கு வேண்டிய தமிழ்ப் புத்தகங்கள் பாதிக்கு மேல் எப்போதோ அச்சானவை. தாள் பழுத்து, எழுத்து கசிந்து கிடக்கும். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரைப் படிக்கச் சொன்னால் சோழனைச் சேழன் என்று படிக்கும், கல்வெட்டில் பாதியை முழுங்கிவிடும். அதனால் யாராவது உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். அந்த யாராவது நான்தான்.

எனக்கு வாய்தான் பிழைப்பு. அம்பத்தூரில் ஒரு கஸ்டமர் கேர் மையத்தில் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத மனிதர்களிடம், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். அங்கே அடக்கி வைத்த கோபமெல்லாம் வீட்டுக்கு வந்துதான் அவிழும். இருந்தாலும், ஷிஃப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக் காப்பி குடித்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாடமாவது படித்துவிடுவேன். போன் நிறைந்து போகும் என்பதால் அவ்வப்போது லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவேன். இப்படி ஒன்றரை வருடம். ஃபோல்டருக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டபோது, வரலாறுன்னாலே பழசுதானே அண்ணி என்று சிரித்தாள். அப்படியே வைத்தேன், இவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எந்த நேரத்தில் வைத்தேனோ.

அவளிடமும் ஒரு பிரதி இருந்தது, போனில். மார்கழியில் ஆவடி ஸ்டேஷனில் மின்சார ரயிலிலிருந்து இறங்கும்போது நெரிசலில் அந்தப் போன் கைநழுவித் தண்டவாளத்தில் விழுந்து, மேலே ரயிலும் போய்விட்டது. புதுப் போன் வாங்கிவிட்டாள். பாடங்களைப் பொங்கலுக்கு வரும்போது லேப்டாப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள். இணையத்தில் எங்காவது ஏற்றி வைத்திருக்கக் கூடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஏற்றலாம், ஏற்றலாம் என்று இவர் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். தேர்வுக்கு அப்போது ஒரு மாதம்தான் இருந்தது.

போகியன்று காலை அண்ணன் போய்த் தங்கையை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வந்தார். வரும் வழியெல்லாம் லேப்டாப்பைச் சுத்தம் செய்த பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அவளும் பாவம், நல்லது அண்ணா என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். வந்தவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்ததும், முதலில் பாடங்களைப் போனில் ஏற்றிவிடலாம் அண்ணி, வடையெல்லாம் அப்புறம் என்றாள். லேப்டாப்பைத் திறந்தேன். ஃபோல்டர் இல்லை. வேறு இடத்தில் இருக்கும் என்று தேடினேன். ம்ஹூம். லேப்டாப் திரை ஒரு தூசு இல்லாமல் பளிச்சென்று இருந்தது, பாவி மனுஷனின் கைவண்ணம்.

இங்க ‘பழசு’ன்னு ஒண்ணு இருந்துச்சே என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், முகம் மாறியது. நீதானே தூக்கச் சொன்ன என்றார். லேப்டாப்புக்குள் இருக்கிற குப்பைத்தொட்டியில் பார்த்தேன். அதுவும் காலி. அழித்ததை முதலில் குப்பைத்தொட்டியில் போடாமல், ஷிஃப்ட் பொத்தானையும் சேர்த்து அழுத்தி ஒரே அடியாகத் தீர்த்திருந்தார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றதற்கு அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“போகியில எரிக்கிறதைக் குப்பைத்தொட்டியில சேர்த்து வைப்பாங்களா?”

பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆபீஸில் ஒன்றரை வருடமாக வருந்தியதையெல்லாம் சேர்த்து வைத்து அவரிடம் வருந்தினேன். அவருடைய ஃபைவ் எஸ்ஸையும், அதைக் கண்டுபிடித்தவனையும், அவரை வேலைக்கு எடுத்தவனையும் விடவில்லை. அவர் இணையத்தில் தேட ஆரம்பித்தார். அழித்ததை மீட்டுத் தரும் மென்பொருள் ஏதோ ஒன்று கிடைத்தது. இறக்கிப் போட்டால் வந்துவிடும் என்று பொத்தானை அழுத்தப் போனார். அதுவரை சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்த நாத்தனார் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“அண்ணா, கையை எடு. எதையும் தொடாத. அணைக்கிற பொத்தானை அழுத்திப் பிடி, தானா அணையுற வரைக்கும்.”

பள்ளிக்கூடத்தில் இவள் எப்படிப் பாடம் நடத்துவாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் மறுபேச்சில்லாமல் அழுத்திப் பிடித்தார். திரை இருண்டது. இனி அவ்வளவுதான் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டுச் சொன்னாள்.

“அண்ணி, பட்டாவைத்தான் கிழிச்சிருக்கு. வீட்டை இன்னும் இடிக்கல. அந்த இடத்துல வேற யாரும் மேல கட்டிடாம பாத்துக்கணும், அவ்வளவுதான்.”

எந்நேரமும் மனை, பட்டா என்றே பேசுகிற ஆவடிப் பக்கம் குடியிருக்கிறவளுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லித் தர முடியும்? அழிக்கும்போது கம்ப்யூட்டர் உள்ளே இருப்பதை அழிப்பதில்லை. இன்னது இன்ன இடத்தில் இருக்கிறது என்ற குறிப்பை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தைக் காலி மனை என்று அறிவித்துவிடுகிறது. அடுத்து எது வந்தாலும் அங்கே கட்டிக்கொள்ளலாம். அவர் இறக்கவிருந்த மென்பொருளே பாடங்களின் தலைமேல் போய் உட்கார்ந்திருக்கும். லேப்டாப்பைச் சும்மா ஓட விட்டால்கூட அது தன்பாட்டுக்கு எதையாவது எழுதிக்கொண்டிருக்குமாம். நல்ல வேளை, எங்களுடையது பழைய மாடல், உள்ளே தட்டு சுற்றுகிற டிஸ்க். புது மாதிரி டிஸ்க்காக இருந்தால் அழித்த கொஞ்ச நேரத்தில் வீட்டையும் சேர்த்து இடித்துவிடும் என்றாள்.

லேப்டாப்பை ஓட்டாமல் அதற்குள் எப்படித் தேடுவது? அவள் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். அதில் ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு பென் டிரைவ் தொங்கியது. ரப்பர் பேண்ட், கையால் தடவி அடையாளம் காண. அதில் ஒரு முழு இயங்குதளமே இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் பள்ளியிலோ நூலகத்திலோ இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரும் பேசாது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதியை அவற்றில் போடவும் விடமாட்டார்கள். அதனால் இதைச் சொருகி, இதிலிருந்தே மெஷினைக் கிளப்புவாள். அந்த மெஷினின் டிஸ்க்கைத் தொடாமலே அது அவளுடைய பேசும் கம்ப்யூட்டராகிவிடும். வேலை முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவாள். இன்றைக்கும் அதே வேலைதான் அண்ணி, லேப்டாப்புக்குச் சொந்தமான எதையும் எழுப்பாமல் நாம் மட்டும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள்.

ஒரே ஒரு சிக்கல். மெஷின் கிளம்பும் அந்த முதல் சில நொடிகளில் அது யாரிடமும் பேசாது. பென் டிரைவிலிருந்து கிளம்பு என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். பள்ளியில் யாராவது கண்ணுள்ளவர்கள் செய்து கொடுப்பார்களாம். இந்த இடத்தில் மட்டும் எனக்கு உங்கள் கண் வேண்டும் அண்ணி என்றாள்.

அவள் சொன்னபடி பென் டிரைவைச் சொருகி மின்பொத்தானை அழுத்தினேன், உடனே மேல் வரிசையில் பன்னிரண்டு என்று எண் போட்ட பொத்தானை விடாமல் தட்டச் சொல்லியிருந்தாள். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாதாமே, நான் பக்கத்துப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தேன். திரையில் வழக்கமான விண்டோஸ் ஜன்னல் படம் வந்தது. வந்திருச்சு, வந்திருச்சு, நம்ம பழையதே வந்திருச்சு என்று கத்தினேன். அழுத்திப் பிடிங்க என்றாள். பிடித்தேன். அணைந்தது. அந்தச் சில நொடியில் எத்தனை பாடத்தின் மேல் எது ஏறி உட்கார்ந்ததோ. இவர் நான் அழுத்தட்டுமா என்று முன்னால் வந்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் பின்னால் போய்விட்டார்.

இரண்டாம் முறை பொத்தானின் மேல் விரலை வைத்து, எண்ணை வாய்விட்டுப் படித்து உறுதி செய்துகொண்ட பிறகே கிளப்பினேன். கறுப்புத் திரையில் இரண்டே வரி வந்தது. அவளுக்குப் படித்துச் சொன்னேன். இரண்டாவது என்றாள். அழுத்தினேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் முன்பின் பார்த்திராத ஒரு படம் விரிந்தது. அவள் லேப்டாப்பைத் தன் மடிக்கு இழுத்து ஏதோ மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். உள்ளிருந்து ஒரு தகரக் குரல் ஆங்கிலத்தில் படபடவென்று பேச ஆரம்பித்தது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, அவ்வளவு வேகம். அவளோ வாய் ஓரத்தில் சின்னச் சிரிப்போடு அதனோடு பேசிக்கொண்டே போனாள். நானும் அவரும் பக்கத்தில் நின்றோம், எங்கள் லேப்டாப்பில் எங்களுக்கே ஒன்றும் விளங்காமல்.

அடுத்து ஒரு கேள்வி வந்தது. மீட்டதை எங்கே போடுவது? அதே டிஸ்க்கில் போட்டால் வெளியே எடுத்ததை எடுத்த இடத்திலேயே கொட்டியது போலாகும். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும். அதற்குள் என் சத்தம் கேட்டு, கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா போளித் தட்டோடு மாடி ஏறி வந்துவிட்டார். இந்த ஊர்க்காரக் குடும்பம். ஏரிப் பக்கம் நெல் விளைந்த அவர்கள் நிலத்தில்தான் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன.

“இன்னாம்மா, காலைலேர்ந்து ஒரே சத்தமா கீது. நல்ல நாளும் அதுவுமா அவரை இன்னாத்துக்கு இப்டி திட்டினுகீற?”

நான் நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கம்ப்யூட்டர் விஷயம் பிடிபடவில்லை. ஆனால் படிக்கிற பெண்ணின் பாடம் போய்விட்டது என்பது பிடிபட்டது. ஹார்ட் டிஸ்க் என்றதும் கீழே போய், துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்தார். அவருடைய மகளின் கல்யாண வீடியோவைக் கொடுக்க வீடியோக்காரர் வாங்கச் சொன்ன டிஸ்க். பாதிக்கு மேல் காலியாக இருந்தது. என் பொண்ணு கல்யாணமே அதுலதான் கீது, பார்த்துக்கோ என்று என்னிடம் தந்துவிட்டு, ஒரு நொடி நின்று, என் வீட்டுக்காரரைக் காட்டி, இவராண்ட மட்டும் குடுக்காத என்றார். அந்தக் களேபரத்திலும் நாத்தனார் சிரித்துவிட்டாள்.

தேடும் நிரல் ஓட ஆரம்பித்தது. டிஸ்க்கை முதல் மனையிலிருந்து கடைசி மனை வரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்குமாம். ஒலிக் கோப்பு போல எது தெரிந்தாலும் அந்தப் பக்கம் எடுத்துப் போடும். நேரமாகும் என்றாள். லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்துப்போனது. கரண்ட் வயர் ஆடினால் எல்லாம் போச்சு. அதனால் இவர் பிளக்கின் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காவல் காத்தார். சாப்பாட்டைக்கூட அங்கேயே வாங்கிக்கொண்டார். நான் தட்டை வைத்த வேகத்தில் ரசம் தெறித்தது, துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். நாத்தனார் அவ்வப்போது ஒரு பொத்தானைத் தட்டி எத்தனை கிடைத்தது என்று கேட்டுக்கொள்வாள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதில் எது பாடம், எது வாட்ஸாப்பில் வந்த குட்மார்னிங் பாட்டு என்று திறந்து கேட்டால்தான் தெரியும்.

பொழுது சாயும் நேரத்தில் முடிந்தது. அவள் ஒன்றைத் திறந்தாள். ஏதோ குத்துப்பாட்டு. இன்னொன்று, இவருடைய தொழிற்சாலை மீட்டிங், யாரோ போல்ட் நட்டைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். இன்னொன்று ரிங்டோன். நான் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொள்ள வாயைத் திறந்தேன். அடுத்ததில் ஒரு பெண் தொண்டையைச் செருமிவிட்டு, “களப்பிரர் காலம், தொடர்ச்சி” என்றாள்.

என் குரல்தான். எனக்கு முதலில் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணி என்று என் கையைப் பிடித்தாள். அதுவரை ஆளை அதட்டிக்கொண்டிருந்தவளின் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. அப்போதுதான் இவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று புரிந்தது. அடுத்ததும் பாடம், அதற்கடுத்ததும் பாடம். போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது எனக்கு. இவர் பிளக்கை விட்டு எழுந்திருக்கப் பயந்துகொண்டு அங்கிருந்தபடியே வந்திருச்சா, வந்திருச்சா என்று கேட்டார். வந்திருச்சு, எந்திரிங்க என்றேன். அன்றைக்கு அவரிடம் நான் மரியாதையாகப் பேசிய முதல் வார்த்தை அது. அவர் எழுந்து போய்ப் பால்கனியில் ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, போகிப் புகை என்றார். சரி, புகைதான் என்று விட்டுவிட்டேன்.

மிச்சம் இருந்த வேலையை அடுத்த நாள், பொங்கல் பொங்கி இறக்கிய பிறகு ஆரம்பித்தோம். மீண்டு வந்த எதற்கும் பெயர் இல்லை. பட்டா போனால் பெயரும் போகும்தானே. எல்லாம் வெறும் நீள நீளமான எண்கள். பாட்டும் பாடமும் முன்னும் பின்னுமாகக் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றையும் திறந்து கேட்டு, எந்தப் பாடம், எத்தனையாவது பகுதி என்று பெயர் வைக்க வேண்டும். சில பதிவுகளுக்குத் தலையில்லை, நான் பாதியிலிருந்து படித்துக்கொண்டிருப்பேன். ஒரு வாரமாவது ஆகும் என்று நான் மலைத்தேன்.

அவள் ஒன்றைத் திறந்தாள், நான் வாயைத் திறப்பதற்குள் நிறுத்திவிட்டாள். “பல்லவர், ரெண்டாவது.” நான் அந்தப் பெயரை அடித்தேன். அடுத்தது. “பாளையக்காரர், முதல் பகுதி.” அடுத்தது. “குடவோலை.” எனக்குப் பயமாகிவிட்டது. நீ கேட்கவே இல்லையே, எப்படித் தெரியும் என்றேன்.

பல்லவருக்குப் பின்னால் தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கிறது என்றாள். பாளையக்காரர் படித்த வாரம் எனக்குச் சளி. குடவோலையில் கீழே கிரைண்டர் ஓடுகிறது, நடுவில் வீட்டுக்கார அம்மா, மோட்டார் போட்டுகீறேன், தண்ணி புட்ச்சுக்கம்மா என்று கூப்பிடுவார், நான் இதோ வரேங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தேர்தல் முறைக்கு வருவேன். விஜயநகரத்தில் யாரோ குறட்டை விடுகிறார்கள், அது அண்ணன், ஞாயிற்றுக்கிழமை. தொழிற்புரட்சியில் பதிவை நிறுத்த மறந்து அண்ணனைத் திட்டுகிறேனாம். அதை மட்டும் மனசு சரியில்லாதபோது போட்டுக் கேட்பாளாம். இவர் பக்கத்திலிருந்து, அதை அழித்துவிடலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். நீங்க எதையும் அழிக்க வேண்டாம் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் பெயர் அடித்தேன். இரண்டு பாடங்கள் மட்டும் எங்கே தேடியும் வரவில்லை, அவற்றின் மேல் யாரோ கட்டிவிட்டார்கள். அவற்றை அண்ணன்தான் படித்துத் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். அவர் உடனே புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பக்கம் மடங்கியிருந்ததை நிமிர்த்த ஆரம்பித்தார்.

மாலைக்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. அப்போது ஒன்றைத் திறந்தவள் உடனே நிறுத்தினாள். ஆனால் பெயர் சொல்லவில்லை. நான் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்சம் கழித்து, பிரெஞ்சுப் புரட்சி என்றாள்.

இதுக்கு என்ன அடையாளம் என்று விளையாட்டாகக் கேட்டேன். ஒண்ணுமில்ல அண்ணி என்றாள். லாரியா, கிரைண்டரா, உங்க அண்ணனா என்று விடாமல் கேட்டேன். எனக்கு ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது.

“அன்னிக்கு நீங்க அழுதுட்டு வந்து படிச்சீங்க.”

இவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போனில் ஒரு ஆள், எங்கள் கம்பெனி செய்த தவற்றுக்கு என்னை, என் அம்மாவை, என் பிறப்பை எல்லாம் சேர்த்து நாக்கூசும்படி பேசினான். நான் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, அது விதி. அவன் முடிக்கும் வரை கேட்டுவிட்டு, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றேன். பாத்ரூமில் போய் அழுதேன், முகம் கழுவினேன், மீதி ஷிஃப்ட்டை முடித்தேன். வீட்டில் என்ன முகம் ஒரு மாதிரி இருக்கு என்று இவர் கேட்டதற்குத் தலைவலி என்றேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வழக்கம்போல் பாடம் படித்தேன். குரலில் பிசிறே இருந்திருக்காது. குரலை ஒரே மாதிரி வைத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம். யாரிடமும் சொன்னதில்லை.

குரல்ல எதுவும் தெரியல அண்ணி என்றாள் அவள். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் போனைத் தள்ளி வைத்துவிட்டு மூச்சு விடுகிறேனாம். திரும்பப் பக்கத்தில் கொண்டுவந்து அடுத்த பத்தியைப் படிக்கிறேனாம். வேறு எந்தப் பாடத்திலும் அப்படிச் செய்ததில்லையாம். உடனே போன் செய்து கேட்கலாம் என்று நினைத்தாளாம். நானாகச் சொல்லாததைக் கேட்டால் கஷ்டப்படுவேனோ என்று இருந்துவிட்டாளாம்.

தினமும் எத்தனையோ பேர் என் குரலைக் கேட்கிறார்கள். இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். அந்தப் பதிவுகளை யாரோ கேட்டு எனக்கு மார்க்கும் போடுகிறார்கள். ஒருத்தருக்கும் கேட்காதது இவளுக்குக் கேட்டிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு சுவரோடு பேசுவதாக அல்லவா நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் சொல்லல என்று மட்டும் கேட்டார். நான் அழுதேன், இந்த முறை யாரிடமும் மறைக்காமல்.

பிறகு அவள் சொன்னாள்.

“எல்லாம் திரும்பி வரணும்னு நேத்து வேண்டினப்போ, இது ஒண்ணு மட்டும் வராமப் போயிட்டா நல்லாருக்கும்னும் நினைச்சேன் அண்ணி. இதைக் கேட்டா எனக்குப் பாடம் மனசுல நிக்கிறதில்ல. இதை அழிச்சிருங்க. புதுசா படிச்சுக் குடுங்க. பரீட்சையில அந்தக் கேள்வி வந்தா, எனக்கு நீங்க அழுவுறது ஞாபகம் வரக் கூடாது.”

அதை நானே அழித்தேன். போய் முகம் கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தை எடுத்தேன். இவர் ஜன்னலைச் சாத்தினார், ஃபேனை அணைத்தார். எப்போதும் தனியாகத்தான் படிப்பேன். கேட்கிறவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பது அதுதான் முதல் தடவை, கூச்சமாக இருந்தது. பிரெஞ்சு ராஜாவின் பெயரை வாயில் நுழைக்க முடியாமல் தடுமாறினேன், இவர் திருத்தப் போய் இன்னும் மோசமாகச் சொன்னார், எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பதிவை நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று கையை நீட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுது, நிறுத்தாதீங்க அண்ணி. மேல படிங்க.”

படித்தேன்.